வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிஷம்: கடலூரில் ஒரு குடியிருப்பை நலமான இடமாக்க முழுமையான வழிகாட்டி

கடலூரில் நடக்க இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானம், அண்ணா விளையாட்டரங்கம், கெடிலம் கரை எல்லாம் இருக்கின்றன. விடியற்காலையில் பீச் ரோட்டில் நின்று பார்த்தால் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஆனால் அங்கே நடக்கிறவர்களில் பலர் வண்டியில் வந்து இறங்கி நடக்கிறவர்கள். வண்டி ஓட்டத் தெரியாத, முட்டி வலிக்கிற, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற புதுப்பாளையத்து ஆயாவுக்கு அந்தக் கடற்கரை இருந்தும் இல்லாத கணக்குத்தான். நடை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது எட்டாமல் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரிய பூங்கா, பெரிய உடற்பயிற்சிக் கூடம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்குத் திறந்திருக்கிறது, அங்கே போகிற வழி எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பதைத் திறந்துவைக்க வேண்டும். குடியிருப்போர் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, இளைஞர் மன்றம் என்று யார் வேண்டுமானாலும் இதை எடுத்துச் செய்யலாம். பணம் கொஞ்சம் போதும். ஒரு வருஷத்துக்கு விடாமல் செய்கிற பொறுமைதான் நிறைய வேண்டும்.

படி 1: எல்லையைத் தீர்மானித்து நடந்து பாருங்கள்

முதலில் எல்லையைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் 45 வார்டுகளில் உங்கள் வார்டு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தால் மூச்சு முட்டும். ஒரு ரேஷன் கடையையோ அங்கன்வாடியையோ நடுவில் வைத்து, அங்கிருந்து ஒரு வயதானவர் பத்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடப்பாரோ அதுவரை போதும். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும்.

அப்புறம் அந்தப் பகுதியை நடந்து பாருங்கள். நீங்கள் மட்டும் நடந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வயதானவர், ஒரு பள்ளிப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி ஒருவர், முடிந்தால் சக்கர நாற்காலியில் போகிறவர் ஒருவர், இவர்களோடு நடக்க வேண்டும். வேளையும் முக்கியம். காலை 6 மணி, பள்ளி விடுகிற மாலை 4 மணி, விளக்கு வைத்த பிறகு 7.30 மணி என்று மூன்று வேளையும் நடங்கள். ஒரே தெரு மூன்று வேளையும் மூன்று விதமாக இருக்கும்.

இப்படி நடக்கும்போது கண்ணில் படுவது என்னவென்று ஒன்று மட்டும் சொல்கிறேன். ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வருகிறார். வாய்க்கால் மேல் போட்ட சிலாப் ஒன்று உடைந்து உள்ளே சாய்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் வந்து நிற்கிறார். பையைக் கீழே இறக்கிவைக்கிறார். பக்கத்துச் சுவரை ஒரு கையால் பிடித்து, காலால் சிலாப் ஆடுகிறதா என்று பார்த்து, தாண்டி, திரும்பி எட்டிப் பையை இழுத்துக்கொள்கிறார். கேட்டால், “எப்பவும் இப்படித்தாம்பா, பழகிடுச்சு” என்கிறார். அவர் மாலையில் ஏன் வெளியே வருவதில்லை என்பதற்குக் காரணம் அந்த ஒரு சிலாப்தான். இருட்டில் அதைத் தாண்ட அவருக்குப் பயம்.

இந்த மாதிரிப் ‘பழகிப்போன’ இடங்களைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். உடைந்த சிலாப், எரியாத விளக்கு, நடைபாதையில் நிற்கிற வண்டி, நாய்கள் கூடும் முனை, உட்கார இடமில்லாத நீளமான வெயில் தெரு, குழந்தை சாலையைக் கடக்கிற இடம். கூடவே நல்லவற்றையும் குறியுங்கள். நிழல் தருகிற வேப்பமரம், திண்ணை வைத்த வீடு, இரவு பத்து மணி வரை திறந்திருக்கிற டீக்கடை, தண்ணீர் வருகிற பொதுக்குழாய். ஆள் நடமாட்டம் இருக்கிற டீக்கடை பத்துத் தெருவிளக்குக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

படி 2: வரைபடம் போடுங்கள், சாவி யாரிடம் என்று எழுதுங்கள்

ஒரு பெரிய சார்ட் பேப்பரில் தெருக்களை வரைந்து, ரேஷன் கடை வரிசையிலோ அங்கன்வாடி வாசலிலோ மாட்டிவையுங்கள். வருகிறவர்களே பேனா எடுத்துச் சேர்ப்பார்கள். பூங்கா, பள்ளி மைதானம், கோயில் குளம், சமுதாயக் கூடம், நகர்ப்புற நலவாழ்வு மையம், பொதுக் கழிப்பறை எல்லாம் அதில் வரட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். எத்தனை மணிக்குத் திறக்கும், சாவி யாரிடம் இருக்கிறது. இந்தச் சாவி விவரத்தை யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினைக்கு விடை அதில்தான் இருக்கிறது. நல்ல பூங்காவாக இருக்கும், பெண்கள் சமையல் முடித்து வருகிற நேரத்தில் பூட்டியிருக்கும். பள்ளி மைதானம் விசாலமாக இருக்கும், சனி, ஞாயிறுகளில் கேட் திறக்காது. கழிப்பறை கட்டி முடித்திருப்பார்கள், சாவி வைத்திருப்பவர் வேறு தெருவில் இருப்பார். புதுக் கட்டடம் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் பூட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

பள்ளி மைதானத்தைப் பொறுத்தவரை தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சேர்த்து அணுகுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. காலை 6 முதல் 7.30 வரை, குறிப்பிட்ட இரண்டு பேர் பொறுப்பில், குப்பை போடாமல், வகுப்பறைப் பக்கம் போகாமல் என்று நிபந்தனைகளை நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் தைரியம் வரும்.

படி 3: ஆட்களைச் சேருங்கள்

குழு என்றால் சங்கத் தலைவர், செயலாளர் என்று நாற்காலி போடுவது இல்லை. இந்த வேலைக்கு வேண்டியவர்கள் வேறு. அங்கன்வாடிப் பணியாளருக்கு எந்த வீட்டில் குழந்தை எடை குறைவு என்று தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலருக்கு யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும். தூய்மைப் பணியாளருக்கு எந்த வாய்க்கால் எப்போது அடைக்கும் என்று தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு இரவில் எந்த முனை சரியில்லை என்று தெரியும். இவர்களை அழைக்கும்போது ‘கருத்துச் சொல்ல வாங்க’ என்று அழைக்காமல், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வேலை நேரத்தை மதித்துக் கூட்டத்தை வையுங்கள்.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா மாதிரி மீனவ ஊர்களில் முறையே வேறு. அங்கே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் பேச வேண்டும். விடியற்காலையில் கடலிலிருந்து திரும்புகிற ஆண்களையும், மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்புகிற பெண்களையும் காலை ஆறு மணி நடைக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. அவர்கள் உடம்பு ஏற்கனவே போதுமான அளவு உழைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது வேறு. முதுகு, தோள் வலிக்குப் பிசியோதெரபி, கண் பரிசோதனை, வெயிலில் விற்கிறவர்களுக்கு நிழலும் கழிப்பறையும், குடியை விடுவதற்கு உதவி. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குப் பொருந்துகிற ஆலோசனையை எல்லார் தலையிலும் கட்டக் கூடாது.

படி 4: எந்த இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த பல முயற்சிகள் நின்றுபோவது இங்கேதான். ‘எங்க லிமிட் இல்லைங்க’ என்ற பதிலைக் கேட்டுச் சோர்ந்துவிடுகிறார்கள். அதனால் வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய துறையை எழுதிவிடுங்கள்.

தெரு, தெருவிளக்கு, மழைநீர் வாய்க்கால், பூங்கா, குப்பை ஆகியவை மாநகராட்சி. மின்கம்பமும் கம்பியும் மின்வாரியம், ஆனால் அதில் எரிகிற தெருவிளக்கு மாநகராட்சி. பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும் சில தேசிய நெடுஞ்சாலையின் கீழும் இருக்கும், அங்கே வேகத்தடை வேண்டுமென்றால் மாநகராட்சியைக் கேட்டுப் பயனில்லை. கெடிலம், பெண்ணையாற்றின் கரைகள் நீர்வளத் துறை. கோயில் குளம் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறை. கடற்கரையில் நிரந்தரமாக எதைக் கட்டினாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும், அதனால் மணலில் கான்கிரீட் போடுகிற யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். கடற்கரைக்குக் கான்கிரீட் அவசியமும் இல்லை.

நகரத்துக்கு வெளியே ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாட்கள். அங்கே தீர்மானமாக எழுதவைத்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகரத்தில் 2022 முதல் வார்டு குழு, ஏரியா சபை என்ற ஏற்பாடு இருக்கிறது. நிறையப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

படி 5: ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை

பதினைந்து கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதினால் அது எந்த மேசைக்கும் போகாது. விளக்குக்கு ஒரு மனு, சிலாப்புக்கு ஒரு மனு. இப்படி எழுதலாம்:

“ஐயா, எங்கள் தெருவில் அங்கன்வாடி மையத்துக்கு எதிரே மழைநீர் வாய்க்காலின் மூன்று மூடிகள் உடைந்துள்ளன. தினமும் குழந்தைகளும் ரேஷன் கடைக்குச் செல்லும் முதியோரும் இவ்வழியாகவே செல்கின்றனர். புகைப்படம் இணைத்துள்ளோம். மூடிகளை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பணி எந்தத் தேதிக்குள் முடியும் எனத் தெரிவித்தால் தெரு மக்களுக்குச் சொல்ல உதவியாக இருக்கும்.”

இவ்வளவு போதும். விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணைக் குறிப்பிடுங்கள். கீழே அந்த வழியாகப் போகிறவர்களின் கையெழுத்து. முதலில் வார்டு அளவில் கொடுங்கள். நடக்காவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100, அதற்கும் மேலே திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி, எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. திட்டுவதற்கு மட்டுமே வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய அலுவலகத்தில் அந்தக் கடிதம் உங்களை ஞாபகத்தில் வைக்கும், அடுத்த மனுவுக்கு உதவும்.

பணம் வேண்டிய வேலைகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. பொதுவாகத் திட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். உள்ளூர் கடைக்காரர்கள், வெளியூரில் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு சின்னப் பூங்காவைச் சரிசெய்வது நடக்காத காரியம் இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்கலாம். எதைக் கேட்டாலும் கூடவே பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். நட்டு கழன்ற உடற்பயிற்சிக் கருவி நம் கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துக் குழந்தையின் கையைக் கிழிக்கும். எண்ணெய் விட ஆள் இல்லாத இடத்தில் இரும்புக் கருவி வேண்டாம். நல்ல சிமெண்ட் பெஞ்சு போதும்.

படி 6: நிழல், பெஞ்சு, வெளிச்சம்

நம் ஊர் வெயிலுக்கு நிழல்தான் முதல் மருந்து. அதோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை உலராத காற்றில் உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். அதனால் மரம் வையுங்கள், ஆனால் யோசித்து வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது இந்த மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் நாம். தெருவோரத்துக்கு வேம்பு, புங்கன், பூவரசு, கடலோரத்துக்குப் புன்னை என்று இந்த மண்ணுக்குப் பழகிய மரங்கள் நல்லது. மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளர்கிற மரம் வேண்டாம், வருஷா வருஷம் வெட்டி மொட்டையாக்கிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற சமயத்தில் நட்டால் வேர் பிடித்துவிடும். அப்புறம் அடுத்த கத்திரி வெயில் முடிகிற வரை எந்த வீடு தண்ணீர் ஊற்றும் என்று கன்றுக்குக் கன்று பெயர் எழுதிவையுங்கள்.

பெஞ்சைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முட்டி வலி உள்ளவர் நடக்கத் தயங்குவதற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை, நடுவில் வலித்தால் உட்கார இடம் இல்லை என்பது. இருநூறு மீட்டருக்கு ஒன்று இருந்தால் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவார். முதுகு சாய இடமும், எழுந்திருக்கக் கை ஊன்ற இடமும் இருக்கட்டும். நிழலிலும் வெளிச்சத்திலும் போடுங்கள். தெரு முனையில் இளைஞர்கள் மட்டும் கூடுகிற இடத்தில் போட்டால் பெண்கள் உட்கார மாட்டார்கள்.

கட்டடமே இல்லாமல் ஒரு இடத்தை மாற்றிவிட முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில் கூபேர் சாலை எனும் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளை விடுவதில்லை. தடுப்புக் கட்டையை இழுத்துவைக்கிறார்கள், அவ்வளவுதான். உடனே குழந்தைகள் ஓடுகிறார்கள், தாத்தாக்கள் நடுரோட்டில் கைவீசி நடக்கிறார்கள், பெண்கள் ஒன்பது மணிக்கும் பயமில்லாமல் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் குடியிருப்பில் ஒரு உள்தெருவை ஞாயிறு காலை 6 முதல் 8 வரை இப்படி விடக் கேட்கலாம். காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். ஆம்புலன்ஸ், பால் வண்டி போக வழி விடுங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: உடம்பை அசைக்க ஆரம்பியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, காலையில் பத்து, மாலையில் இருபது என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தருகிற பயிற்சியும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, விழாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி நல்லது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது போதும். பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிஷம். அதற்குத் தனி வகுப்பு எதற்கு? கபடி, சிலம்பம், கொக்கோ எல்லாம் நம்மிடமே இருக்கின்றன.

2023 நவம்பரில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல முயற்சி. ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவரை எட்டு கிலோமீட்டர் என்ற எண்ணே பயமுறுத்திவிடும். உங்கள் தெருவில் ஒரு கிலோமீட்டர் சுற்று ஒன்றைக் குறித்து, சுவரில் அம்புக்குறி போட்டு, இருநூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு என்று வையுங்கள்.

பெண்கள் நடைக்குழுவுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். நேரத்தை அவர்கள் முடிவு செய்யட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஒன்பது மணிக்கா, கோயிலுக்குப் போகிற சாக்கில் மாலை ஆறரைக்கா என்பது தெருவுக்குத் தெரு மாறும். பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருவதும் நடைதான். புடவையோடு நடந்தால் என்ன? காலுக்கு மட்டும் பிடிமானமான செருப்பு வேண்டும்.

கடற்கரையில் இறங்கிக் குளிப்பதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக் கடற்கரை அமைதியாகத் தெரியும், ஆனால் கீழே இழுக்கிற நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளை அழைத்துப் போனால் விளையாட்டு மணலோடு நிற்கட்டும்.

நாய்த் தொல்லைக்கு மாநகராட்சியின் கருத்தடைப் பணியைக் கேட்டு மனு கொடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு தடவுவது வேண்டாம்.

படி 8: சேவையைத் தெருவுக்கு வரவழையுங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி உண்டு. யாருக்கெல்லாம் இது கிடைக்கவில்லை என்று தெருவாரியாக ஒரு பட்டியல் எடுத்து நலவாழ்வு மையத்தில் கொடுப்பது உங்கள் குழு செய்யக்கூடிய பெரிய உதவி. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். ‘நீயும் வா, நானும் வரேன்’ என்று நாலு பேர் சேர்ந்து போனால் கூச்சம் குறையும்.

நடைக்குழு இடத்தில் ரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்தால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். நடந்து வந்த கையோடு பட்டையைக் கட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரவைத்து, கால் தரையில் பதிந்து, கை இதயத்தின் உயரத்தில் மேசை மேல் இருக்க, பேசாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். காபி, பீடி, சிகரெட் எடுத்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறொரு நாளும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். சீட்டில் எழுதி அவர் கையில் மட்டும் கொடுங்கள். தெருவே கேட்கிற மாதிரி ‘உங்களுக்கு 180 இருக்கு’ என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார். குழு மாத்திரை சொல்லக் கூடாது, இருக்கிற மாத்திரையை நிறுத்தவும் சொல்லக் கூடாது. நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் பேசிக்கொண்டு நிற்காமல் 108.

மனசு சரியில்லாதவர்களுக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. இரண்டையும் ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

படி 9: சாப்பாடு

சாப்பாட்டு விஷயத்தில் கடலூருக்குக் குறை சொல்ல முடியாது. முதுநகர் துறைமுகத்து மீன், உழவர் சந்தைக் காய், சீசனுக்குப் பண்ருட்டிப் பலா. சிக்கல் உப்பில் இருக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராம் வரும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் உப்பு அந்தக் கணக்கில் வராமலே சேர்ந்துகொண்டிருக்கும். கருவாட்டை விடச் சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவி, குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட்டால் போதும்.

பள்ளியைச் சுற்றி என்ன விற்கிறது என்று பாருங்கள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தீனிகளுக்குப் பள்ளியிலிருந்து 50 மீட்டர் வரை தடை உண்டு. கடைக்காரரிடம் முதலில் பேசிப் பாருங்கள். சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி விற்றால் நாங்கள் வாங்குகிறோம் என்று பெற்றோர்கள் உறுதி சொன்னால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்?

படி 10: மழைக்காலத்துக்கு அதே பட்டியல்

2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று எதுவும் கடலூரை விட்டுவைத்ததில்லை. இந்த ஊரில் நலமான குடியிருப்பு என்றால் மழையைத் தாங்குகிற குடியிருப்பு என்றும் பொருள். மருத்துவ உதவிக்காகத் தெருவாரியாக எடுத்த பட்டியல் இங்கே கைகொடுக்கும். தனியாக இருக்கிற முதியவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், கர்ப்பிணி யார், இன்சுலின் போடுகிறவர் யார் என்றும் அதில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் அந்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தூக்கிப் போக இரண்டு பேர் பெயரை எழுதுங்கள். பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டு, ஆதார், ரேஷன் அட்டை நகல்களைத் தண்ணீர் புகாத கவரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். தங்கும் இடமாகப் போகிற பள்ளியின் சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கும் என்பதையும் உறுதி செய்யுங்கள்.

டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு வளர்வது நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள், நடைக்குழுவே தெருவைச் சுற்றி வரும்போது சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மூடாத தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுந்துவிடும். புகை அடிப்பது பெரிய கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

படி 11: எண்ணிப் பாருங்கள், நோட்டை ஒப்படையுங்கள்

வேலை பலன் தருகிறதா என்று தெரிந்துகொள்ள எடை போட்டுப் பார்க்க வேண்டாம். உடம்பு இளைக்க நாளாகும், மனசு விட்டுப்போகும். மாதத்தில் ஒரு நாள், அதே கிழமை, அதே இடம், மாலை 7 முதல் 7.30 வரை நின்று நடந்து போகிறவர்களை எண்ணுங்கள். பெண்கள் எத்தனை பேர், அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர், பெரியவர் துணையில்லாமல் விளையாடுகிற பிள்ளைகள் எத்தனை பேர். இருட்டிய பிறகு பெண்களும் வயதானவர்களும் வெளியே வருகிற எண்ணிக்கை கூடினால் தெரு சரியாகிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் கணக்கு மட்டும் கூடினால் விளக்கையும் பெஞ்சையும் மறுபடி போய்ப் பாருங்கள்.

ஆறாவது ஏழாவது மாதத்தில் குழு தொய்யும். மழை, பரீட்சை, கல்யாண சீசன் ஏதாவது வரும். அப்போது புது வேலை எதையும் தொடங்காமல், வாராந்தரக் கொசுச் சுற்று, மாதாந்தர எண்ணிக்கை இரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் மாறுவார்கள், கவுன்சிலர் மாறுவார், ஆனால் மனு எண்களும் சாவி விவரமும் மருத்துவப் பட்டியலும் நோட்டில் இருக்கும். புது அதிகாரி வந்த முதல் வாரத்திலேயே நேரில் போய், மனு எண்களும் சாவி விவரமும் உள்ள பக்கங்களின் நகலைக் கொடுத்து, பாக்கி நிற்கிற வேலைகளைச் சொல்லிவிட்டு வாருங்கள். மருத்துவப் பட்டியல் மட்டும் குழுவின் பொறுப்பான இருவரிடமே இருக்கட்டும், நகல் எடுத்துச் சுற்ற விடாதீர்கள்.